1,80,000 கிலோமீட்டர் ஓடிய தார்: வாங்கலாமா?

கேள்வி: அஞ்செட்டிக்கு உள்ளே எங்கள் தோட்டம் இருக்கிறது. ரோடு முடிந்த பிறகு நான்கு கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. மழை பிடித்துக்கொண்டால் டிராக்டரைத் தவிர எதுவும் போகாது. ஓசூரில் ஒரு தரகரிடம் நான்கு சக்கர இயக்கம் உள்ள இரண்டு பழைய மஹிந்திரா தார் வண்டிகளைப் பார்த்தேன். ஒன்று 2013 மாடல், கர்நாடகப் பதிவு, 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மற்றொன்று 2014 மாடல், பெரிய டயர், இரும்பு பம்பர் எல்லாம் மாட்டியது, மீட்டரில் 68,000தான். இரண்டுக்கும் ஐந்தேகால் லட்சம் கேட்கிறார். எதை எடுப்பது? தக்காளிப் பெட்டிகளையும் அதிலேயே ஏற்றலாமா?

பதில்: முதல் வண்டியைப் பரிசோதிக்கப் போங்கள். மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்பதற்காக இரண்டாவதன் மேல் ஆசைப்பட வேண்டாம்.

2013 வண்டி 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றால் ஆண்டுக்குச் சுமார் 15,000. பெங்களூரில் குடியிருந்துகொண்டு லீவுக்கு ஊர் வந்து போகிற ஒரு குடும்ப வண்டி சாதாரணமாக ஓடுகிற ஓட்டம் அது. நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் சீராக ஓடிய டீசல் எஞ்சின் லேசில் தேயாது. பழைய தாரில் இருக்கும் இரண்டரை லிட்டர் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில் டீசல்) எஞ்சின், ஆயிலைக் காலத்தில் மாற்றியிருந்தால், இரண்டு லட்சத்தைத் தாண்டியும் உழைக்கும். ஆனால் பாறையிலும் சேற்றிலும் நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் ஃபோர் லோவில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு ஒரு மணி நேரத்தில் மீட்டரில் ஏறுவது ஐந்தாறு கிலோமீட்டர்தான். அந்த ஒரு மணி நேரத்தில் கிளட்சும் கிரவுனும் (அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஜாயின்ட் கிராஸும் (ஷாஃப்ட்டை இணைக்கும் மூட்டு) பட்ட பாடு எந்த மீட்டரிலும் ஏறாது. இரும்பு பம்பரும் விளக்கு வரிசையும் மாட்டிய வண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போய் வந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அந்த 68,000-ஐயும் அப்படியே நம்ப முடியாது. தார் சி.ஆர்.டி.இ.க்கு நிறுவனம் கொடுத்த டயர் 235/70 ஆர் 16. அதன் உயரம் ஏறக்குறைய 29 அங்குலம். வெளியில் ஆசைக்கு மாட்டுகிற டயர் பெரும்பாலும் 31 அங்குலம். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும். மீட்டர் சுற்றுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். நூற்றுக்கு ஏழு கிலோமீட்டர் வரை கணக்கில் வராமலே போய்விடும். இது யாரும் மீட்டரைத் தொடாமலே நடப்பது. தொட்டிருந்தால் எவ்வளவு என்பது தொட்டவருக்குத்தான் தெரியும்.

மீட்டரைச் சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. பதிவு எண்ணையோ சேஸிஸ் (அடிச்சட்டம்) எண்ணையோ கொடுத்து, நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் பழைய சர்வீஸ் பதிவுகளை எடுத்துத் தரும்படி உரிமையாளரையே கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்பது அதில் இருக்கும். அடுத்தது இன்சூரன்ஸ் பாலிசி. ‘நோ கிளெய்ம் போனஸ்’ 50 சதவீதம் என்றிருந்தால் அந்த உரிமையாளர் தொடர்ந்து ஐந்து ஆண்டுகளாவது இழப்பீடு கேட்கவில்லை என்று பொருள். முழுக் காப்பீடு இருந்தும் பூஜ்யம் என்றிருந்தால் என்ன நடந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது முகத்தையும் பாருங்கள்.

இனி வண்டியின் அடிப்பக்கம். பழைய நான்கு சக்கர இயக்க வண்டியின் ஜாதகம் அங்கேதான் எழுதியிருக்கிறது. ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ வண்டியை ஏற்றி அடியில் பார்க்க ராம்ப் உள்ள ஒரு வாட்டர் சர்வீஸ் கடைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கழுவாமல் கொண்டுவர வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும் வண்டியைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். சேஸிஸில் ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகளைச் சுற்றியும் குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களிலும் விரிசலோ, வெல்டிங் வைத்துத் தேய்த்த தடமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பூச்சாகத் துரு இருப்பது தவறில்லை. ஸ்குரூ டிரைவரால் தட்டினால் செதில் செதிலாக உதிரும் துருதான் ஆபத்து. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். நடுப்பட்டை முறிந்திருந்தாலும் மேலிருந்து தெரியாது.

அடுத்தது நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை. தரகர் நேரமாகிறது என்பார், விடாதீர்கள். முன் கிரவுன், பின் கிரவுன் இரண்டிலும் நிரப்பும் போல்ட்டைக் கழற்றச் சொல்லி, விரலை விட்டு ஆயிலைத் தொட்டு எடுங்கள். தேன் நிறத்தில் அல்லது கருத்து, வழுவழுப்பாக இருந்தால் சரி. டீயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் காட்டுங்கள். மாவு போன்ற மெல்லிய சாம்பல் பூச்சு தேய்மானம். ஓடிய வண்டியில் அது இருக்கத்தான் செய்யும். மினுமினுக்கும் துணுக்குகள் தெரிந்தால் பல்சக்கரம் தின்னப்படுகிறது. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். ஓடிச் சூடான கிரவுன் ஹவுசிங் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மேலே சிறு ரப்பர்க் குழாயாகச் செல்லும் மூச்சுத் துளை திறந்திருந்தால் காற்றை அதன் வழியே இழுத்துக்கொள்ளும். சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். எந்த வண்டியை வாங்கினாலும் உங்கள் ஓடையில் இது தினமும் நடக்கப் போகிறது. எனவே அந்தக் குழாயைச் சுத்தம் செய்து, முடிந்தால் நீட்டி, எஞ்சின் அறையில் உயரமாகக் கட்டிக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த செலவில் கிரவுனைக் காப்பாற்றும் வேலை இது.

தண்ணீருக்குள் முழுசாக நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். உட்சுருளில் இருக்கும் பகுதியை யாரும் துவைப்பதில்லை. அங்கே மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பது வரை தெரிந்துவிடும். அத்தகைய வண்டி இன்று நன்றாக ஓடும். வயரிங் இணைப்புகளில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து அஞ்செட்டி மலைப்பாதையில் மாலை நேரத்தில் நின்றுபோகும். யானை நடமாடும் காட்டில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எஞ்சினுக்கு வருவோம். நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்து இருக்க வேண்டும். பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் முன்பே ஒருமுறை கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிரில் கிளப்பும்போது கொஞ்சம் வெண்புகை வந்து அடங்கலாம். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கவிழ்த்து அதே துளையின் மேல் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகை குப்குப்பென்று வந்து மூடியைத் தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. ஸ்கேனர் வைத்திருக்கும் டீசல் மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போய், டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். 1,80,000 ஓடிய காமன் ரெயில் எஞ்சினில் பெரிய செலவு வரக்கூடிய இடங்கள் இன்ஜெக்டரும் டர்போவும். கிளட்சுக்கு ஸ்கேனர் வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் அணைய வேண்டும்; அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் முடிந்தது. ஏ.சி., சீட், மியூசிக் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு சக்கர இயக்கம் வேலை செய்கிறதா என்பதை டேஷ்போர்டு விளக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். மணல் அல்லது உழுத மண்ணில் வண்டியை இறக்கி, ஃபோர் ஹையில் (சாதாரண வேகத்தில் நான்கு சக்கரமும் இழுப்பது) போட்டு வேகமாகக் கிளப்புங்கள். முன் சக்கரமும் மண்ணை வாரி இறைக்கிறதா என்று உடன் வந்தவர் வெளியில் நின்று பார்க்கட்டும். பிறகு ஓர் இறக்கத்தில் ஃபோர் லோ, முதல் கியர் போட்டு, பெடல் எதையும் தொடாமல் விடுங்கள். வண்டி நடைவேகத்தில் இறங்க வேண்டும். லீவர் தானாக வெளியே துள்ளினால், விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனையைக் காய்ந்த சிமென்ட் தரையிலோ ரோட்டிலோ செய்ய வேண்டாம். தாரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரம் ஒரு தூரமும் பின் சக்கரம் வேறு தூரமும் போக வேண்டியிருக்க, பிடிப்பான தரையில் சறுக்க வழியில்லாமல் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொள்ளும். இது தெரியாமல் மழைக்கு நல்லது என்று நெடுஞ்சாலையிலேயே ஃபோர் ஹையில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய உரிமையாளர் அந்த ரகமா என்று பேச்சுவாக்கில் கேட்டு வையுங்கள்.

காகிதம். கர்நாடக வண்டி என்பதால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அது படிவம் 28. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்து அடைத்திருந்தால் வங்கியின் கடிதத்தோடு படிவம் 35. தமிழ்நாட்டில் ஆயுள் வரி தனியாகக் கட்ட வேண்டும். வண்டியின் வயதையும் விலையையும் பொறுத்து அது கணிசமாக வரலாம். அந்தத் தொகையை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே விசாரித்து, ஐந்தேகால் லட்சத்தோடு கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள். கர்நாடக எண்ணிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று தரகர் சொல்வார். வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது எண் வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். 2013 வண்டிக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) காலம் 2028-இல் முடியும். அதன்பின் தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. அந்தச் சான்றைத் தரகரிடம் கேளுங்கள். அது இல்லை என்று அவர் சொன்னால், ஆர்.சி.யில் பெயருள்ளவரை நேரில் பார்க்காமல், வெற்றுப் படிவத்தில் போட்டு வைத்த கையெழுத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சேஸிஸில் பொறித்த எண்ணை விரலால் தடவி, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

விலை விஷயத்தில், வண்டி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் கையில் மீதம் இருக்க வேண்டும் என்பேன். இந்த வயதில் ஆயில்கள், கூலன்ட் குழாய்கள், பெல்ட், பிரேக், ஜாயின்ட் கிராஸ், டயர் என்று முதல் ஆண்டிலேயே அது கரைந்துவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் ஆறேழு ஆண்டு தாண்டிய டயரைக் கணக்கில் சேர்க்காமல் பேரம் பேசுங்கள்.

தக்காளிப் பெட்டிக்கு இந்த வண்டி ஆகாது. பின்னால் நாலைந்து பெட்டி வைக்கலாம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் உங்கள் பாதையில் டிராக்டர் போகிறது என்கிறீர்கள். பெட்டிகள் டிராக்டரில் ரோடு வரை வரட்டும். அங்கிருந்து ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு வாடகை வண்டி. ஆட்களும் உரமும் மருந்தும் தாரில் போய் வரட்டும். சரக்குதான் முக்கியம் என்றால் நான்கு சக்கர இயக்கம் உள்ள பொலிரோ கேம்பரைத் தேடுங்கள். ஆனால் அது சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால், எட்டு ஆண்டு தாண்டிய பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருக்கும்.

முதல் வண்டி கிரவுன் ஆயிலில் தோற்றுவிட்டால், அந்த ஏமாற்றத்தில் இரண்டாவதை வாங்கிவிடாதீர்கள். அதையும் இதே ராம்ப்பில் ஏற்றி இதே சோதனைகளைச் செய்யுங்கள். அது தேறினாலும் பம்பரையும் டயரையும் கழற்றிப் பழையபடி ஆக்கித் தரச் சொல்லுங்கள். முன்பக்க இரும்புத் தடுப்புகளை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. நிறுவனம் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. கழற்றி மாற்றும் செலவு விற்பவருடையது.