அம்மி பற்றிய கடுதாசி

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சிறுகதைப் போட்டி ஒன்றுக்குக் கதை எழுதியிருக்கிறேன். முதல் வரியிலேயே வாசிப்பவரைப் பிடித்துவிட வேண்டும் என்கிறார்கள். அந்த வரி சின்னதாக இருக்க வேண்டுமா? பேச்சில் தொடங்கினால் நல்லதா? நான் இப்படித் தொடங்கியிருக்கிறேன்: ‘பனி மூடிய மலைகளுக்கு நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பரந்து கிடந்தது அந்தத் தேயிலைத் தோட்டம்.’ முழுக்கதையும் அனுப்பியுள்ளேன்.

ம.

அன்புள்ள தங்கச்சி,

வரி சின்னதா பெரிதா என்பதில் ஒன்றுமில்லை. பேச்சில் தொடங்கலாம், தொடங்காமலும் இருக்கலாம். அதை விடுங்கள். உங்கள் கதை வந்த அன்று, என் பெரியம்மாவின் பழைய கடுதாசிகளைப் பூச்சி அரிக்காமல் வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். பச்சைக் கம்பளம் யார் கண்ணுக்குத் தெரிகிறது? சென் கிளேயர் அருவிக்கு எதிரே வேனை நிறுத்திப் படம் பிடிக்கிறவருக்குத் தெரியும். கொழுந்து பறிக்க நிரைக்குள் நிற்கிறவருக்கு முன்னால் நிற்கும் செடி தெரியும், காலில் ஏறும் அட்டை தெரியும், இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனப்பது தெரியும். நீங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்தவர் என்பது உங்கள் கதையிலேயே தெரிகிறது. அப்படியிருக்க முதல் வரிக்கு மட்டும் ஏன் ரோட்டில் போய் நிற்கிறீர்கள்? புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை. அது தொடங்குவதோ திருநெல்வேலிச் சீமை வாசவன்பட்டியில். சனங்கள் எங்கிருந்து கிளம்பினார்களோ அங்கே தொடங்குகிறார்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். 1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இங்கிருந்த இந்திய வம்சாவளிச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. எங்கள் லயத்தில் ஆள் குறையத் தொடங்கியது அதற்குச் சில வருஷங்கள் கழித்துத்தான். பெரியம்மா குடும்பம் 1973இல் போனது. ஒப்பாரிக் கோச்சியில் (பிரிகிறவர்கள் அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு வந்த பேர்) தலைமன்னாருக்கு, அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரத்துக்கு. கடைசியில் கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டம். அங்கேயும் தேயிலைதான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்த வரிசைக் காம்பராக்களில் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவன் நான். இந்தியாக் கடுதாசி வந்தால் இருட்டினதும் எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் கூடிவிடுவார்கள். குப்பி லாம்பை யாராவது தூக்கிப் பிடிக்க நான் வாசிப்பேன். எல்லாக் கடுதாசியும் ‘நலம், நலமறிய ஆவல்’ என்றே தொடங்கும். அந்த வரியை நான் வாசிக்கும்போது யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பிள்ளையை மடியில் மாற்றிப் போடுவார்கள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுவார்கள். உங்கள் பச்சைக் கம்பளமும் அந்த நலமறிய ஆவல்தான், தங்கச்சி. அது ஓடும்போது நான் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா போய் ஒன்றரை வருஷத்தில் ஒரு கடுதாசி வந்தது. யாரையோ பிடித்து எழுதுவித்திருந்தார். அதில் நலம் இல்லை, ஆவல் இல்லை. முதல் வரியே இதுதான்: ‘அம்மிய யாருக்கும் குடுத்துடலையே?’

எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. போகிறபோது அவர் எங்கள் காம்பராவில் வைத்துவிட்டுப் போன அம்மி அது. அம்மா மெதுவாக, “திரும்பி வர நெனைக்கிறா” என்றார். அப்பாயி தலையை ஆட்டினார். “இல்ல. அங்க அரைக்கிறதுக்கு ஒன்னும் இல்ல.” அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மீதி இரண்டு பக்கத்திலும் கஷ்டம் என்று ஒரு வார்த்தை கிடையாது. மழை, சின்னவன் பள்ளிக்கூடம் சேர்ந்தது, பக்கத்து வீட்டு ஆடு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆட்டைப் பற்றிக் கேட்கும்போதும் எல்லோரும் அம்மியையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரியை நன்றாகப் பாருங்கள். எந்த அம்மி, யார் கொடுத்தது, ஏன் இப்போது என்று எதையும் அது விளக்கவில்லை. நமக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிப் பேசுகிறது. கேட்பது ஒரு கல்லைப் பற்றி, பயம் வேறு எதையோ பற்றி. ‘குடுத்துடலையே’ என்ற அந்தக் கடைசி ஏகாரத்தில்தான் அந்தப் பயம் முழுக்க இருக்கிறது. ‘அம்மி பத்திரமா?’ என்று கேட்டிருந்தால் அப்பா எழுந்து போயிருக்க மாட்டார். பெரியம்மா யாரையும் பிடித்து இழுக்கவில்லை. நாம் ஏற்கெனவே அந்த வீட்டு மனிதர்கள் என்று வைத்துக்கொண்டு பேசினார். அதிர்ச்சி கொடு, கொலையில் தொடங்கு என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. கொலை நடந்தாலும் யாருடைய கொலை என்று தெரியாதவரை அது எனக்குப் பக்கத்து ஊர்ச் செய்திதான்.

உங்கள் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘அன்றைக்கும் தண்ணிக்கென்று அம்மாவுக்கு இரண்டு கிலோ கழித்தார்கள்.’ இதை வைத்துக்கொண்டா பனியைத் தேடினீர்கள்? ‘அன்றைக்கும்’ என்ற ஒரு சொல்லில் எத்தனை நாள் இருக்கிறது! கொழுந்து நிறுத்து ஈரத்துக்கென்று எடை கழிக்கிற மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கிற முகம் எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல வரி, தங்கச்சி. நீங்களே எழுதினீர்கள், அதன் அருமை உங்களுக்கே தெரியாமல் மூன்றாம் பக்கத்தில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்.

முன்னால் உள்ள இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். போட்டிக்கு நாள் போதாவிட்டால் போகட்டும். கழித்த பிறகு அம்மா ஏதாவது சொன்னாரா, இல்லை கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாரா? அது உங்கள் கதையில் இல்லை. அதை எழுதி எனக்கு அனுப்புங்கள்.