உப்பே இல்லை என்கிறது சீட்டு, புல்லே இல்லை என்கிறது காடு

கேள்வி: திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் நாலு ஏக்கர் கொறங்காடுங்க, மேய்ச்சலுக்கு விட்ட நிலம். மேட்டுப்பக்கம் மூணு ஏக்கர் செம்மண், கொழுக்கட்டைப் புல் நன்றாக வருகிறது. பள்ளத்துப் பக்கம் ஒரு ஏக்கர் களி. மழை பெய்தால் பத்து நாளைக்கு வடியாமல் பால் கலந்த மாதிரி நிற்கும், காய்ந்தால் கடப்பாரை இறங்காது. உப்பு ஏறிவிட்டது என்று மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், பி.எச். (கார அமில அளவு) 9.2, மின்கடத்து திறன் 0.6, உப்பு தீங்கற்ற அளவு என்று சீட்டு வருகிறது. யாரை நம்புவதுங்க?

பதில்: சீட்டையும் நம்புங்கள், காட்டையும் நம்புங்கள். உங்களுடையது உவர் நிலம் இல்லை, களர் நிலம். நம்மூரில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே பேசுகிறோம், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

உவர் என்றால் மண்ணில் இருக்கிற ஈரத்தில் உப்பு கரைந்து கிடக்கிறது என்று அர்த்தம். மின்கடத்து திறன் எகிறும், சீட்டில் தெரிந்துவிடும். களரில் உப்பு கரைந்து கிடப்பதில்லை, சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மின்கடத்து திறன் அளப்பது கரைந்திருக்கிற உப்பை மட்டும்தான், ஒட்டியிருக்கிற சோடியத்தை அது பார்ப்பதே இல்லை. அதனால்தான் 0.6 என்று சாதுவாக ஒரு எண் வந்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியது 'பரிமாற்ற சோடியம்' என்கிற கணக்கு, அதாவது களித்துகளில் ஒட்டியிருக்கும் சத்துகளில் சோடியம் நூற்றுக்கு எத்தனை என்பது. 15க்கு மேல் போய், பி.எச்.சும் 8.5ஐத் தாண்டினால் களர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சாதாரணச் சீட்டில் இந்தக் கணக்கு வராது, வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, ஒட்டியிருந்தால் என்ன கேடு என்றால், கால்சியம் களித்துகளைச் சேர்த்துப் பிடித்துப் பொலபொலவென்று கட்டியாக வைத்திருக்கும், அந்தக் கட்டிகளுக்கு நடுவில்தான் தண்ணீரும் காற்றும் போகும். சோடியத்துக்கு அந்தப் பிடிமானம் இல்லை. மழைத்தண்ணீர் பட்டதும் துகள்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகி, மாவு மாதிரி மிதந்து, கீழே இருக்கும் சந்துபொந்தையெல்லாம் அடைத்துவிடும். காபி வடிகட்டி அடைத்துக்கொண்ட மாதிரிதான். தண்ணீர் மேலேயே நிற்கிறது, ஒரு அடிக்குக் கீழே தோண்டிப் பார்த்தால் உலர்ந்து கிடக்கும். வெயில் ஏறினால் அந்த மாவு அப்படியே இறுகிக் கல்லாகிறது. விதை முளைத்தாலும் மேல் ஓட்டை உடைத்துக்கொண்டு வர முடிவதில்லை. இன்னொன்று கவனித்திருப்பீர்கள், தண்ணீர் வற்றிய இடத்தில் எண்ணெய் சிந்தின மாதிரி கருப்பாக ஒரு படலம் இருக்கும். காரத்தில் கரைந்த மக்குதான் அது, மண்ணின் சத்து மேலே வந்து காய்ந்து கிடக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், காசில்லாத வேலை. காய்ந்த மண்ணில் பட்டாணி அளவு கட்டி ஒன்று எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெதுவாக உள்ளே விடுங்கள், ஆட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் பரவினால் சோடியம்தான். கட்டி உதிர்ந்து விழுந்து தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்தால் அது வெறும் மக்குச்சத்துக் குறைவு. போர் தண்ணீரில் செய்யாதீர்கள், அதிலிருக்கும் உப்பு துகளை விலகவிடாமல் பிடித்துக்கொள்ளும், மண் நல்ல மண் மாதிரி நடிக்கும். மழைத்தண்ணீர் இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்களுக்கும் அதே மாதிரி பூமிதான், வெள்ளகோவில் பக்கம். உப்பை அலசிவிடலாம் என்று இரண்டு மாதம் போர் தண்ணீர் பாய்ச்சினோம். முன்னைக்கு இப்போது மோசம். தப்பு எங்கே?

பதில்: வீட்டில் வெந்நீர் போடும் அண்டாவைப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அதில் பெரும்பங்கு தண்ணீரில் இருந்த கால்சியம். நம்மூர் ஆழ்துளைத் தண்ணீர் பலதில் பைகார்பனேட் என்கிற கார உப்பு அதிகம், அண்டாவில் நடப்பதேதான் காட்டிலும் மெதுவாக நடக்கிறது. கால்சியம் சுண்ணாம்பாக இறங்கிவிடும், சோடியம் மட்டும் மிச்சமாகி மண்ணில் ஏறும். அலசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சோடியம் ஊட்டியிருக்கிறீர்கள். தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள், 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' 2.5க்கு மேல் என்று வந்தால் அந்தத் தண்ணீர் களிமண்ணுக்கு ஆகாது. நல்ல தண்ணீர் மட்டும் விட்டிருந்தாலும் ஒட்டிய சோடியம் தானாகப் போகாது. அதைக் கிளப்பிவிட அந்த இடத்துக்குக் கால்சியம் வரவேண்டும்.

கேள்வி: நம்ம பக்கத்து மண்ணில் இவ்வளவு சோடியம் எங்கிருந்து வந்தது? (காங்கேயம் வாசகி)

பதில்: பாறையிலிருந்து. நம் பாறைகளில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்கிற கனிமம் நைந்து மண்ணாகும்போது கால்சியமும் சோடியமும் வெளியே வருகின்றன. மழை அதிகமுள்ள ஊரில் இரண்டும் ஆற்றோடு போய்விடும். நமக்கு வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றித்தான் மழை, ஆவியாவது அதைவிடக் கூட. மேட்டிலிருந்து வடிந்து வந்தது பள்ளத்தில் தங்கி வற்றுகிறது, வற்றும்போது கால்சியம் முதலில் சுக்கான்கல்லாக (சுண்ணாம்புக்கல்) இறங்கிவிட, சோடியம் கடைசிவரை தண்ணீரில் தங்கிக் களியில் ஒட்டுகிறது. பள்ளத்தில் களரும் அதற்கடியில் சுக்கானும் சேர்ந்தே இருப்பது இதனால்தான். உங்கள் ஊர் சிவன்மலையிலேயே நெஃபலீன் சையெனைட் என்கிற சோடியம் மிகுந்த பாறை உண்டு, 1901லேயே ஹாலந்து என்ற புவியியலாளர் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதற்காக மலையைச் சுற்றியிருக்கிற மண்ணெல்லாம் களர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

நொய்யல் கரைக்காரர்கள் கதை வேறு. அங்கே வந்தது பாறைச் சோடியம் மட்டுமில்லை, திருப்பூரில் துணிக்குச் சாயம் போடப் பயன்படுத்திய உப்பும் சேர்ந்தது. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுத் தண்ணீர் தேங்கியது ஊருக்கே தெரியும்.

கேள்வி: ஜிப்சம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

பதில்: சோடியத்தைக் கிளப்பிவிடக் கால்சியம் தருகிற சரக்குதான் ஜிப்சம். எல்லோரும் கேட்பது இதைத்தான், பரிசோதனை செய்யாமல் நான் சொல்ல மாட்டேன். கணக்கு எப்படி வருகிறது என்று மட்டும் காட்டுகிறேன். ஒரு பேச்சுக்கு, நூறு கிராம் மண் 20 அலகு (மில்லிஈக்விவலண்ட்) சத்தைப் பிடித்துவைக்கிறது, அதில் 25 சதவீதம் சோடியம் என்று வைப்போம், 5 அலகு. அதை 10 சதவீதத்துக்குக் கொண்டுவர 3 அலகை வெளியேற்ற வேண்டும். மேல் 15 செண்டிமீட்டர் மண்ணுக்கு, ஏக்கருக்கு, அலகுக்குச் சுமார் 780 கிலோ சுத்தமான ஜிப்சம். ஆக 2.3 டன். கடையில் கிடைப்பது 70 சதவீதச் சுத்தம் என்றால் 3.3 டன், அதாவது 50 கிலோ மூட்டையில் 66. நிலக்கடலைக்குப் போடுகிற நாலு மூட்டையைத் தூவிவிட்டு ஜிப்சம் கேட்கவில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

மூட்டையோடு முடியவில்லை. ஜிப்சம் லிட்டருக்கு இரண்டரை கிராம்தான் கரையும். 2.3 டன் கரைய 9 லட்சம் லிட்டருக்கு மேல், ஏக்கர் முழுக்க 230 மில்லிமீட்டர் மழை ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்க வேண்டும். வரப்புப் போட்டு, நிலத்தைச் சமப்படுத்தி, தூவி, மேலாகக் கிளறி, மழையை நிறுத்தி, அப்புறம் வடிக்க வேண்டும். கழன்று வந்த சோடியம் அந்த வடிகாலில் போனால்தான் போச்சு. பள்ளத்துக்கு வடிகால் போக வழியே இல்லையென்றால் ஜிப்சம் வாங்காதீர்கள், முதலில் வாய்க்கால் வெட்டுங்கள்.

சுண்ணாம்பு போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம், இவ்வளவு காரத்தில் அது கரையாது.

கேள்வி: மேய்ச்சல் நிலத்துக்கு இவ்வளவு செலவு கட்டுபடியாகுமா? அந்த ஒரு ஏக்கரை என்ன செய்ய?

பதில்: நெல் வைக்கிறவர் செய்யட்டும். செம்மறி ஆடு மேய்கிற கொறங்காட்டுக்கு முழு ஏக்கரையும் திருத்துவது என் பார்வையில் வீண். அங்கே கொழுக்கட்டைப் புல் விதைப்பதை முதலில் நிறுத்துங்கள், அது வடிகிற மண்ணுக்குரியது, தண்ணீர் கட்டினால் நிற்காது. ஓரத்திலிருந்து அருகம்புல் தானாக ஏறும், ஏறவிடுங்கள். ஈரம் தங்குகிற இடத்துக்குக் கர்னால் புல் வையுங்கள், அது களரைத் தாங்கும், அதன் வேர் விடும் கரியமில வாயு அடியில் கிடக்கும் சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியமாக மாற்றித் தரும். வெளியில் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு உங்கள் காட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. மரம் வேண்டுமென்றால் கருவேல். இறுகிய அடுக்கைத் தாண்டிக் குழி போட்டு, எருவும் ஜிப்சமும் கலந்து நிரப்பி நடுங்கள், குழிக்கு மட்டும் ஜிப்சம் என்பதால் செலவு குறைவு. சீமைக்கருவேலும் வரும், ஆனால் அடுத்த பத்து வருசத்தில் மேட்டு மூணு ஏக்கரும் அதன் கையில் போய்விடும்.

மழை பெய்து மண் குழைந்திருக்கும்போது ஆடுமாடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒரு குளம்படி பதிந்து காய்ந்தால் அந்தக் குழிக்கு அடுத்த வருசம்தான் விடிவு. ஐப்பசி, கார்த்திகையில் முள் படலை வைத்து அடைத்துவிட்டு, தை பிறந்து காலடி பதியாத அளவுக்குத் தரை இறுகினபின் திறந்துவிடுங்கள். கோடையில் ஆட்டுப்பட்டியை அங்கே மாற்றி மாற்றிப் போட்டால் எருவும் சேரும்.

கேள்வி: மாடு அந்த இடத்து மண்ணை நக்குகிறது, பயமா?

பதில்: உப்பு கேட்கிறது. தாதுஉப்புக் கட்டி ஒன்று வாங்கிக் கட்டுத்தரையில் தொங்கவிடுங்கள்.