சிற்பத்துக்கு டெண்டர் விடலாமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய சந்தையை இடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டும் கடைவீதியும் கட்டப்போகிறார்கள். முகப்பில் 30 அடிக்கு ஒரு சிற்பம் வைக்க முடிவாகியிருக்கிறது. கமிட்டியில் நானும் இருக்கிறேன். "கட்டடம் முடியட்டும், அப்புறம் டெண்டர் விட்டு, குறைவாகக் கேட்பவருக்குக் கொடுக்கலாம்" என்கிறார் என்ஜினீயர். சரிதானா ஐயா?
- ஒரு வார்டு உறுப்பினர், சித்தூர் வட்டம், பாலக்காடு

பதில்: இரண்டுமே தப்பு, அம்மா. குழாய் பதிக்க டெண்டர் விடலாம். அடிக்கணக்கைச் சொல்லிச் சிற்பத்துக்கு விலை கேட்டால் அத்தனை அடிக்குச் சிமெண்ட் வந்து சேரும், சிற்பம் வராது. நான்கைந்து சிற்பிகள் செய்ததைப் போய்ப் பாருங்கள். போட்டோவில் வேண்டாம், பத்து மழைக்காலம் நனைந்ததை நேரில் பாருங்கள். உள்கம்பி துருப்பிடித்தால் ஊதிப்போய்ச் சிமெண்ட் பொரிந்து கொட்டியிருக்கும், தெரிந்துவிடும். பிறகு மூன்று பேரிடம் சின்ன மாதிரி கேளுங்கள். அதற்குக் கூலி கொடுத்துவிடுங்கள். ஓசியில் கேட்டால் நல்ல கைக்காரர் வரமாட்டார், நானும் வரமாட்டேன்.

சிற்பியைக் கட்டட வரைபடம் முடியும் முன்பே கூப்பிட வேண்டும். நம் ஊரில் ஆனி ஆடியில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 30 அடி உருவம் அதைத் தாங்க, அஸ்திவாரமும் கம்பியும் தரைக்குள் இருந்தே கிளம்ப வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு போய் நின்றால், தரையை உடைத்த காசுக்கே இன்னொரு சிற்பம் செய்யலாம்.

மலம்புழா அணைப் பூங்காவில் இருக்கும் யட்சி சிலையைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அதுவும் 30 அடிதான். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்து முடித்தது. உடம்பில் துணி இல்லையே என்று அன்றைக்கு ஒரே எதிர்ப்பு. இன்றைக்கு அவள் முன்னால் நின்று போட்டோ எடுக்காமல் யார் திரும்புகிறார்கள்? மாதிரியைப் பார்த்து நாலு பேர் முகம் சுளித்தால் உடனே மாற்றச் சொல்லிவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: பின்னாளில் சிற்பத்தை நகர்த்தவோ எடுக்கவோ வேண்டியிருந்தால் சிற்பியிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அவரைக் கேட்காமலே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். வழக்கு நடந்து, மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் நஷ்டஈடு தரவும் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 2005 ஆகிவிட்டது. தன் படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு படைத்தவருக்குக் கொடுக்கிறது. உங்கள் என்ஜினீயருக்கும் காட்டுங்கள்.

பராமரிப்புக்கும் இப்போதே தனியாகப் பணம் ஒதுக்குங்கள். வாளையாருக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாண்டில் மாட்டுச் சந்தையைச் சுவர்ச் சிற்பமாகச் செய்தேன், 40 அடி நீளம். எட்டு மாதம் கழித்துப் போனால் முன்னால் ஒரு மின்பெட்டி. காளையின் கண்ணில் ட்ரில் போட்டுக் கொக்கி மாட்டி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். யாரிடம் கேட்பது? திறப்பு விழாவோடு கமிட்டி கலைந்துவிட்டது. அந்தக் கண்ணை என் கைக்காசில்தான் பூசினேன்.

அதனால் கடைசியாக ஒன்று. பிளெக்ஸ் கட்ட ரோட்டோரமாக இரண்டு இரும்புக் கம்பம் நட்டுக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கயிறு சிற்பத்தின் கழுத்துக்குத்தான் வரும்.