குதிரை மசாலில் தாயாடுகளை விடுவது: பதில்

நியூசிலாந்தின் கேன்டர்பரியில், அங்கே வசந்தம் பிறக்கும் செப்டம்பர் தொடக்கத்தில், குட்டிகளோடு தாயாடுகளைக் குதிரை மசால் (லூசர்ன்) தீவன வயலில் விட்டதும் இரண்டு ஆடுகள் வயிறு உப்பிச் செத்ததாக எழுதியிருந்தீர்கள். பசியோடு விட்டீர்களா? பெரும்பாலும் அதுதான் வினை. முதலில் காய்ந்த புல்லை வயிறு நிறையத் தின்னட்டும், அப்புறம் திறந்துவிடுங்கள். வயலிலும் கொஞ்சம் காய்ந்த புல்லும் உப்புக்கட்டியும் இருக்கட்டும். குதிரை மசாலில் சோடியம் குறைவு. திடீரென ஆட்டைக் கொல்லும் குடல் நச்சு நோயான துள்ளுமாரிக்குத் தடுப்பூசி போட்டாச்சா?

பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வசந்தத்தில் 15-20 செ.மீ. வளர்ந்தாலே போதும். ஆறு வயலாகப் பிரித்து, ஒரு வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். இலை போய் நார்த்தண்டு மட்டும் நின்றால் கிளப்பும் நேரம். விட்டுவைத்தால் அடியில் வரும் புதுத்துளிரைக் கடித்துவிடும்.

மண்ணுக்குள் காய் புதைக்கும் சப்டெரேனியன் குளோவர் (ஆண்டுதோறும் விதையிலிருந்து முளைக்கும் தீவனச் செடி) வயல் இருந்தால், அதில் பூவெடுத்ததும் ஆட்டைக் குறையுங்கள். விதை விழாவிட்டால் அடுத்த வருடம் வெறும் தரைதான்.