தண்ணீருக்கு மூன்று நாள் முன்னால்

கேள்வி: அப்பா கடைசி எட்டு மாதம் படுத்த படுக்கையாக இருந்தபோதுதான் வேதத்தை வாசிக்க ஆரம்பித்தார். இயேசுவை விசுவாசிக்கிறேன் என்று வாய்திறந்து சொன்னார். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று அவரே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று. வியாழன் இரவே போய்விட்டார். அடக்கம் முடிந்து நின்றுகொண்டிருந்தபோது சபை மூப்பர் ஒருவர், “முழுக்கு எடுக்காமல் போய்விட்டாரே, பரலோகத்துக்கு வழியில்லை” என்று என் காதுபடச் சொன்னார். கல்லறைக் கல்லில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி என்றும் சொல்கிறார். எழுதலாமா, கூடாதா? இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் அவசியமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

கேள்வி: 11 வருடமாகத் தவறாமல் சபைக்குப் போகிறேன். விசுவாசம் இருக்கிறது. ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளன் எடுக்காமலே பரதீசுக்குப் போனானே, எனக்கு மட்டும் எதற்கு? வீட்டில் யாரும் தடுக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் நனைந்துகொண்டு நிற்பது ஒரு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் அவசியமா?
– ஒரு வாசகர்

பதில்: இரண்டு கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. கடைசி வரியில் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே பதிலைப் போட எனக்கு மனம் வரவில்லை. சகோதரிக்கு என் பதில்: இல்லை. சகோதரருக்கு: ஆம். இது என்ன இரட்டை நாக்கு என்று கோபப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து வாசிக்க வேண்டும்.

முதலில் மூப்பரின் கட்சியை எடுத்துக்கொள்வோம். அவர் கையில் வசனம் இல்லாமல் பேசவில்லை. “விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்” என்று மாற்கு 16:16 சொல்கிறது. அந்த அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் 4ஆம் நூற்றாண்டுச் சுவடிகளான சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை என்பது உண்மைதான். அதைக் காட்டி நழுவ நான் விரும்பவில்லை. நழுவவும் தேவையில்லை, வசனத்தின் மறுபாதியே போதும்: “விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்.” விசுவாசித்தும் தண்ணீருக்கு வந்துசேர முடியாமல் போனவனைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. மூப்பர் அந்த இடத்தில் தன் சொந்த வார்த்தையைச் செருகியிருக்கிறார்.

அடுத்தது யோவான் 3:5. “ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால்” என்று ஆண்டவர், இரவில் தன்னைத் தேடி வந்த யூதப் போதகர் நிக்கொதேமுவிடம் சொன்னது. ஆதிச் சபையின் பிதாக்கள் பெரும்பாலும் இதை ஞானஸ்நானத்தோடு சேர்த்தே படித்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஐந்து வசனம் தள்ளி ஆண்டவர், “நீ இஸ்ரவேலில் போதகனாயிருந்தும் இவைகளை அறியாமலிருக்கிறாயா?” என்று கடிந்துகொள்கிறார். சபையும் சபையின் ஞானஸ்நானமும் இன்னும் வராத காலம் அது. வராத ஒன்றைத் தெரியவில்லையே என்று யாரையாவது கடிந்துகொள்வார்களா? நிக்கொதேமு ஏற்கெனவே படித்த ஏதோ ஒன்றைத்தான் ஞாபகப்படுத்துகிறார். எசேக்கியேல் 36ஆம் அதிகாரத்தில் சுத்தமான ஜலம் தெளிப்பதும் புதிய ஆவியைக் கொடுப்பதும் அடுத்தடுத்து வருகின்றன. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

உண்மையில் கனமான வசனம் 1 பேதுரு 3:21. மூப்பர் அதை ஏன் எடுக்கவில்லை என்று தெரியவில்லை. ஞானஸ்நானம் “இரட்சிக்கிறது” என்றே பேதுரு எழுதிவிட்டார், மழுப்ப முடியாது. ஆனால் அவரே அதே மூச்சில், உடம்பின் அழுக்கு போவதைச் சொல்லவில்லை, தேவனைப் பற்றும் நல்மனச்சாட்சியின் உடன்படிக்கையைச் சொல்கிறேன் என்று திருத்திக்கொள்கிறார். உங்கள் அப்பா அந்த உடன்படிக்கைக்கு வாயாலும் மனதாலும் சம்மதம் சொல்லி, நாளும் குறித்துவிட்டார். நாள்காட்டிதான் முந்திக்கொண்டது.

இதே பேதுருவை அப்போஸ்தலர் 10இல் பாருங்கள். ரோமப் படைத் தலைவன் கொர்நேலியுவின் வீட்டில் அவர் பிரசங்கத்தைக்கூட முடிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதுவரை படவில்லை. தண்ணீர் பட்ட பிறகுதான் தேவன் ஒருவனை ஏற்றுக்கொள்வார் என்று சட்டம் போட்டால், அந்தச் சட்டத்தை முதலில் மீறியவர் தேவனே என்றாகிவிடும். எதிர்ப்பக்கமும் ஓர் ஆள் இருக்கிறான். எட்டாம் அதிகாரத்து மாயவித்தைக்காரன் சீமோன். முறையாக ஞானஸ்நானம் பெற்றவன். கொஞ்ச நாளில் பரிசுத்த ஆவியைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான். உன் இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாக இல்லை என்று அவனிடம் சொன்னவரும் பேதுருதான். நனைந்தவன் வெளியே நிற்கிறான், நனையாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

சரி, சபைகள் என்ன சொல்லியிருக்கின்றன? மூப்பருக்குத் தெரியுமோ என்னவோ, ஞானஸ்நானம் அவசியம் என்று மிக அழுத்தமாகச் சொன்னவர்கள்கூட அவர் அளவுக்குப் போகவில்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547இல், திருமுழுக்கு (ஞானஸ்நானத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) மீட்புக்கு அவசியமில்லை என்பவன் சபிக்கப்பட்டவன் என்றே எழுதிவைத்தது. அதே சங்கம் அதே ஆண்டில், இரண்டு மாதம் முன்னால், திருமுழுக்கு “அல்லது அதன்மேல் உள்ள விருப்பம்” என்று சேர்த்தும் எழுதியிருக்கிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவு: திருமுழுக்குக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோகிறவருக்கு, அதைப் பெற வேண்டும் என்ற வெளிப்படையான விருப்பமும் மனம்வருந்துதலும் அன்பும் மீட்பை உறுதி செய்கின்றன என்கிறது. லுத்தரன் சபைகளின் ஆக்ஸ்பர்க் அறிக்கை (1530) ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியம் என்று ஒரே வரியில் சொன்னது. அதற்கு முந்தைய வருடம்தான் லூத்தர் தன் சிறிய ஞானோபதேசத்தில், தண்ணீர் எப்படி இவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்று தானே கேட்டு, செய்வது தண்ணீர் அல்ல, அதோடு இருக்கும் தேவனுடைய வார்த்தையும் அதை நம்பும் விசுவாசமும் என்று பதிலும் எழுதினார். பிரெஸ்பிடேரியன் சபைகள் ஏற்கும் 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையோ, இதை அசட்டை செய்வது பெரிய பாவம், ஆனாலும் இது இல்லாமல் ஒருவரும் இரட்சிக்கப்பட முடியாது என்னும்படி கிருபையை இதோடு கட்டிப்போடவில்லை என்கிறது. இரட்சணிய சேனை, குவேக்கர்கள் ஆகிய கிறிஸ்தவப் பிரிவினர் ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை. அது எனக்கு உடன்பாடல்ல, இங்கே அதற்கு இடமும் இல்லை.

சகோதரி, இதற்கெல்லாம் மேலாக உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களைப் போலவே அழுத பெண்கள் 1600 வருடத்துக்கு முன்னால் இருந்தார்கள். 392ஆம் ஆண்டு ரோமப் பேரரசன் இரண்டாம் வாலன்டினியன் ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் திடீரென்று இறந்துபோனான். வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாக இருந்தவன். வந்து ஞானஸ்நானம் கொடுங்கள் என்று மிலான் நகரப் பேராயர் அம்புரோசுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அவர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கப் பிரசங்கத்தில் அம்புரோசு அவனுடைய சகோதரிகளைப் பார்த்துப் பேசினார். ஞானஸ்நானம் பெறாமல் போய்விட்டானே என்று வருந்துகிறீர்கள், விரும்புவதையும் கேட்பதையும் தவிர நம் கையில் வேறு என்னதான் இருக்கிறது, அவன் கேட்டான் அல்லவா, கேட்டதைப் பெற்றுக்கொண்டான் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இந்த அம்புரோசு ஞானஸ்நானத்தை லேசாக நினைத்தவர் அல்ல. 374இல் மக்கள் அவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தபோது அவரே ஞானஸ்நானம் பெறாதவர்! அவசர அவசரமாக அதைப் பெற்றுக்கொண்டு பொறுப்பேற்றவர். அதன் அருமை தெரிந்த வாய் அது. சவக்குழியின் அருகில் எப்படிப் பேசுவது என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது.

இப்போது சகோதரருக்கு. உங்கள் முகம் மலர்ந்திருக்கும், கட்சி நமக்குச் சாதகமாகப் போகிறதே என்று. வேண்டாம்.

கள்ளனைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். அவனுக்குச் சிலுவையிலிருந்து இறங்க முடியவில்லை. நீங்கள் எதிலிருந்து இறங்க முடியாமல் இருக்கிறீர்கள்? அவனுக்குச் சில மணி நேரம்தான் கிடைத்தது. அதற்குள் பக்கத்தில் தொங்கியவனைக் கண்டித்தான், தன் தப்பை ஊரறிய ஒப்புக்கொண்டான், கேலி செய்துகொண்டிருந்த கூட்டத்தின் நடுவே, “ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்” என்று உரக்கக் கேட்டான். இத்தனை பேர் முன்னால் ஒரு மாதிரி இருக்கிறதே என்று அவன் யோசிக்கவில்லை. 11 வருடமாக உங்களால் முடியாத காரியத்தை அவன் ஒரு மத்தியானத்தில் செய்துவிட்டான்.

கொர்நேலியுவின் வீட்டிலும் கதை ஆவி இறங்கியதோடு நிற்கவில்லை. ஆவிதான் வந்துவிட்டதே, இனித் தண்ணீர் எதற்கு என்று பேதுரு கேட்டிருக்கலாம். இவர்களுக்குத் தண்ணீரை யார் தடுக்க முடியும் என்று கேட்டு உடனே ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டளையிட்டார். பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் விடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. அந்த ராத்திரியிலேயே பவுல், சீலா இருவரின் அடிபட்ட காயங்களைக் கழுவினான், கழுவிய கையோடு தானும் தன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போய்க்கொண்டிருந்தபோது வழியில் தண்ணீரைப் பார்த்து, “இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன” என்றான். அவன் கேட்டது அது. நீங்கள் கேட்பது, எடுக்காமல் இருந்தால் என்ன என்பது. விசுவாசித்துவிட்டு, தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும், வேண்டாம் என்று வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்த ஒரே ஓர் ஆளைப் புதிய ஏற்பாட்டில் தேடிக் கண்டுபிடித்துக் கடிதம் போடுங்கள், பிரசுரிக்கிறேன்.

“ஞானஸ்நானத்தைக் கொடுக்கும்படி கிறிஸ்து என்னை அனுப்பவில்லை” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அடுத்து நீங்கள் எடுப்பீர்கள் என்று தெரியும். அதே பத்தியில் கிறிஸ்பு, காயு, ஸ்தேவானின் வீட்டார் என்று தான் ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் பட்டியலும் இருக்கிறது. யார் கையால் எடுத்தோம் என்று கட்சி கட்டியவர்களுக்குச் சொன்னது அது. எடுக்காமல் இருப்பதற்கு அனுமதிச்சீட்டு அல்ல. கிறிஸ்துவின் தரிசனத்தில் பார்வை இழந்த பவுல் தமஸ்குவில் கண் திறந்தபோது அனனியா என்ற சீஷன் அவரிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, “இப்பொழுது நீ தாமதிக்கிறதென்ன?” என்பது. தரிசனம் கண்டவருக்கே விலக்கு இல்லை.

வீட்டைவிட்டுத் துரத்துவார்கள், உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் காத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். வேதம் வாசிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளும் குடும்பங்கள் தண்ணீர் என்றதும்தான் கதவைச் சாத்துகின்றன. அவர்களைப் பார்த்து நான் இப்படிப் பேச மாட்டேன். உங்களுக்கு அந்தத் தடை இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். தலை துவட்டுவதுதான் உங்கள் பிரச்சினை.

கூச்சம் எனக்கும் புரியும். என் ஞானஸ்நானத்தன்று தண்ணீருக்குள் போகும்போது பயத்தில் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டேன், என் வலது முழங்கை மட்டும் மேலே நின்றுவிட்டது. கரையில் இருந்த ஒரு பெரியவர் அதைக் கவனித்துவிட்டு, முழுசாக முங்கவில்லை, மறுபடி முக்குங்கள் என்றார். முக்கினார்கள். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே எழுந்தேன், சபையே சிரித்தது. அந்த முழங்கை நனையாமல் இருந்திருந்தால் நான் நரகத்துக்குப் போயிருப்பேன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதனால் அன்றைக்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்றும் நினைத்ததில்லை. அவசியம் என்ற சொல்லில்தான் எல்லாக் குழப்பமும். தேவன் ஒருவனை இரட்சிக்க அவருக்குத் தண்ணீர் அவசியமா என்றால், இல்லை. இரட்சித்தவர் “வா” என்று சொன்ன பிறகு நமக்கு அது அவசியமா என்றால், வேறு என்ன? போக முடியாமல் போனவரையும் போக மனமில்லாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில் மூப்பரும் நீங்களும் ஒன்றுதான். அவர் இருவரையும் வெளியே தள்ளுகிறார், நீங்கள் இருவரையும் உள்ளே விடச் சொல்கிறீர்கள்.

ஆகவே, சகோதரரே, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உங்கள் போதகருக்குப் போன் செய்யுங்கள். மாற்று உடை, ஒரு துண்டு போதும்.

சகோதரி, கல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், இயேசுவுக்குள் நித்திரையடைந்தவர்களைத் தேவன் அவரோடேகூடக் கொண்டுவருவார் என்று பவுல் சொல்லும் இடத்தில், இயேசு மரித்து எழுந்தார் என்று விசுவாசிப்பதைத்தான் முன்னால் வைக்கிறார். உங்கள் அப்பா அதை விசுவாசித்தார். கல் செதுக்குகிறவரிடம் அந்த வரியை அப்படியே எழுதிக் கொடுங்கள். மூப்பர் வந்து கேட்டால் இந்த இதழைக் காட்டுங்கள். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எனக்கு எழுதட்டும், உங்களிடம் பேச வேண்டாம்.