பக்கத்து டேங்க்கில் பெட்ரோல் இறங்கும்போது வெல்டிங் செய்யலாமா?

வணக்கம் சார். கடலூர் சிப்காட்டில் ஒரு டேங்க்கின் கைப்பிடிக் கம்பியை வெல்டிங் செய்ய, பக்கத்து டேங்க்குக்கு 9 மீட்டர் இடைவெளி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதை நம்பி ஆரம்பிக்காதீர்கள். அது ஒரு டேங்க் எரிந்தால் அடுத்தது தப்பிக்க வைத்த கணக்கு. மேலிருந்து தெறிக்கும் பொறி 11 மீட்டரையும் தாண்டும்.

முதலில் பக்கத்து டேங்க்கில் பெட்ரோல் இறக்குவதை நிறுத்துங்கள். உள்ளே திரவம் ஏற ஏற, வென்ட் (டேங்க்கின் காற்றுக் குழாய்) வழியாக ஆவி வெளியே தள்ளப்படும். காற்றைவிடக் கனமானதால் டேங்க்கைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரான டைக்குக்குள்ளேயே தேங்கும். வேலை செய்யும் டேங்க்கைக் காலிசெய்து ஆவி நீக்குங்கள். வால்வை மூடினால் மட்டும் போதாது, குழாயை முழுதாக அடைக்கும் தகடான பிளைண்டு போடுங்கள். வடிகால் மூடிகளை ஈரச் சாக்கால் அடையுங்கள். எரியக்கூடிய ஆவியை அளக்கும் கேஸ் மீட்டர் பூஜ்யம் காட்டணும். மதியம் கடற்காற்று திரும்பியதும் மறுபடி பாருங்கள். காலை அளவு அப்போது செல்லாது. வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் காவல் ஆள் நிற்கட்டும்.