பாஸ்டல் படத்துக்கு ஸ்ப்ரே அடிக்கலாமா?

கேள்வி: சாஃப்ட் பாஸ்டலில் என் பாட்டியின் முகத்தை வரைந்திருக்கிறேன். தொட்டாலே தூள் கையோடு வருகிறது. தூளைத் தாளோடு ஒட்டவைக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரே அடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள் என்கிறார் பிரேம் கடைக்காரர். இத்தாலிய ஓவியர் ரோசால்பா கரியேராவின் பாஸ்டல் படங்கள் ஸ்ப்ரே இல்லாமலே 300 வருடமாக நிற்கின்றனவே என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பர் சொல்வதை.

பாஸ்டல் குச்சி என்பது நிறத்தூள், கொஞ்சம் சாக், அது உதிராமல் இருக்கத் துளி கோந்து, அவ்வளவுதான். தாளில் தேய்த்ததும் அந்தத் தூள் நுண்ணிய இடைவெளிகளோடு உட்கார்கிறது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால்தான் கன்னத்துக்கு அந்தப் பூவிதழ் மென்மை. ஈரத் தரையில் போட்ட கோலம் மங்கலாகத் தெரிந்து, காய்ந்த பிறகு பளிச்சென்று வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ப்ரேயில் இருக்கும் பிசினும் அந்த ஈரம் மாதிரிதான், இடைவெளிகளை அடைத்துவிடும். ஒரே வித்தியாசம், அது காய்ந்தாலும் போகாது. பாட்டியின் நரைமுடிதான் முதலில் அடிபடும்.

ரோசால்பா 1673இல் வெனிஸில் பிறந்தவர். மூக்குப்பொடி டப்பிகளுக்குத் தந்தத்தில் குட்டிப் படங்கள் வரைந்துதான் தொழிலைத் தொடங்கினார். அப்புறம் பாஸ்டல். எண்ணெய் வண்ணம்போல் காயக் காத்திருக்க வேண்டாம் என்பதால், ஊர் சுற்ற வந்த ஆங்கிலேயச் சீமான்களுக்கு அது வசதியாக இருந்தது. 1720இல் பாரிஸ் போய், பத்து வயது அரசன் பதினைந்தாம் லூயியை வரைந்தார். பிரெஞ்சு அரச அகாடமி அதே வருடம் அவரை உறுப்பினராக்கியது. அடர்நிறத்தின் மேல் வெள்ளைக் குச்சியைப் படுக்கவைத்து லேசாக இழுத்தே லேஸ் துணியைக் கொண்டுவந்துவிடுவார். அந்த இழுப்பின் மேல் பிசின் பட்டால் என்ன மிஞ்சும்?

அவர் நம்பியது கண்ணாடியை. நீங்களும் அதையே செய்யுங்கள். படத்தை ஒரு அட்டையில் பொருத்தி, பின்பக்கம் மெல்லத் தட்டி, ஒட்டாத தூளை உதிர்த்துவிடுங்கள். பிரேமில் கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. மவுண்ட் அட்டையோ ஓரச் சட்டமோ வைத்து, அரை சென்டிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். சாதாரண அக்ரிலிக் தகடு வேண்டாம், துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் மாட்டினால் பூஞ்சை நிச்சயம். வெயில் விழும் இடமும் ஆகாது, சில சிவப்புகள் சீக்கிரம் வெளுத்துவிடும்.

ஸ்ப்ரே ஆசை அந்தக் காலத்திலும் இருந்தது. பாரிஸில் லோரியோ என்பவர் 1753லேயே பாஸ்டலை நிலைப்படுத்த ஒரு முறையைக் காட்டினார். பெரும்புகழ் பெற்ற பாஸ்டல் ஓவியர் லா தூர், இப்படிச் சோதித்தே தன் படங்கள் சிலவற்றைக் கெடுத்துக்கொண்டார். உங்களுக்கு விட மனம் இல்லையென்றால், அடுத்த படத்தில் அடிப்பூச்சுக்கு மட்டும் லேசாக அடித்து, மேல்பூச்சை அப்படியே விட்டுவிடுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது முகம் மேலே பார்க்கக் கிடத்தி, குலுங்காமல் எடுத்துச் செல்லுங்கள். தன் படங்கள் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று ரோசால்பா அவற்றின் பின்னால் சின்னச் சின்னப் புனிதர் படங்களைச் செருகி வைப்பார். நீங்கள் குலதெய்வத்தை வைத்தாலும் சரி, அது அமிலமில்லாத தாளில் இருக்கட்டும்.